பார்த்ததற்குக் கூலி இல்லை

எஞ்சின் சூடேறுகிறது என்று பட்டறைக்கு வரும் வண்டிக்குச் சேலம், நாமக்கல் பக்கத்தில் எப்படிப் பில் போடுகிறோம் என்பது லாரி வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். மாற்றிய பாகங்களின் விலை ஒரு பக்கம், கழற்றி மாட்டிய கூலி ஒரு பக்கம். பழுது எங்கே என்று தேடிய நேரத்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. யாராவது ஒரு மெக்கானிக் துணிந்து அப்படி ஒரு வரி எழுதினால், "ஏனுங்க, பார்த்ததுக்கெல்லாமா காசு?" என்று கேட்டு அதை அடித்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். சங்ககிரி பக்கம் டீசல் பட்டறை வைத்திருப்பவன் நான். அந்த வரி இல்லாததால்தான் நம் ஊரில் இத்தனை எஞ்சின்கள் பாழாகின்றன என்பது என் கட்சி.

லாரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் படகு.

சேலம் சமவெளியில் படகு எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் எடப்பாடியைத் தாண்டிப் பூலாம்பட்டிக்கு ஒரு நடை போய் வரலாம். காவிரி அங்கே கதவணையில் தேங்கி, ஏரி போல அகன்று நிற்கிறது. இந்தக் கரை சேலம் மாவட்டம். எதிர்க்கரையில் நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். இரண்டுக்கும் நடுவே விசைப்படகு ஓடுகிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஒருபுறம் இருக்க, வேலைக்கும் படிப்புக்கும் அக்கரை போகிறவர்களுக்கு அது பஸ் மாதிரி. மேட்டூரில் உபரிநீரைத் திறந்துவிட்டால் மட்டும் படகை நிறுத்திவிடுவார்கள்.

லாரியில் முள் சிவப்புக்குப் போனால் ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்துவிட்டு, புளியமரத்தடியில் பீடி பற்றவைக்கலாம். ஆற்று நடுவில் ஆட்களை வைத்துக்கொண்டு எஞ்சினை அணைக்க முடியாது. அணைத்தால் படகு தண்ணீர் இழுக்கும் பக்கம் போகும், கீழே கதவணை இருக்கிறது. அணைக்காமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு அதுவாகவே நிற்கும். ஆகவே படகில் சூட்டைக் காட்டும் முள்ளுக்கு லாரியில் இருப்பதைவிடக் கூடுதல் மரியாதை வேண்டும்.

காவிரிக் கரையில் படகு வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். ஊரும் பேரும் வேண்டாம். பாதி வேகத்தில் ஓட்டினால் முள் 80 டிகிரியை ஒட்டி அசையாமல் நிற்கிறது. ஆக்சிலேட்டரைக் கூட்டினால் கொஞ்ச நேரத்தில் 100-ஐத் தொடுகிறது. அதற்குள் வேறு இடத்தில் மூன்று வேலை பார்த்திருந்தார்கள். ஹீட் மீட்டர் புதிது. தெர்மோஸ்டேட் வால்வைக் கழற்றி எறிந்தாயிற்று. ஆற்றுத் தண்ணீரை இழுக்கும் பம்பில் ரப்பர் இம்பெல்லரும் புதிது. பழைய இம்பெல்லரில் இறகுகள் பிய்ந்திருந்ததாம். சரியாகக் கண்டுபிடித்துத்தான் மாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் சூடு அடங்கவில்லை.

படகு எஞ்சினுக்கு விசிறியும் ரேடியேட்டரும் தேவையில்லை. சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது. ஆனால் ஆற்றுத் தண்ணீரை நேராக எஞ்சினுக்குள் விட்டால் மணலும் வண்டலும் உள்ளே படியும் என்பதால், நல்ல அமைப்பில் இரண்டு தனிச் சுற்றுகள் இருக்கும். எஞ்சினுக்குள் கூலண்ட் சுற்றும். வெளியிலிருந்து பம்ப் இழுக்கும் ஆற்றுத் தண்ணீர், மெல்லிய குழாய்கள் அடுக்கிய ஓர் உருளைக்குள் போய், கூலண்டின் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி ஆற்றில் விழும். அந்த உருளைக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று பேர். பம்புக்கு முன்னால் வலைவடி ஒன்று இருக்கும். வெளியே வந்து விழும் தண்ணீர் எப்போதும் கண்ணுக்குத் தெரியும். காவிரியில் ஓட்டுகிறவர்கள் மீட்டரைப் பார்ப்பதைவிட அடிக்கடி பார்க்க வேண்டியது அந்தத் தாரையைத்தான்.

நான் போய்ப் பார்த்தபோது தாரை மெலிந்திருந்தது. வலைவடி சுத்தம். பம்பிலிருந்து வெளியேறும் ஹோஸைக் கழற்றிவிட்டு ஓட்டினால் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஆக இழுக்கும் பக்கமும் பம்பும் நன்றாக இருக்கின்றன, தடை அதற்குப் பின்னால். எக்ஸ்சேஞ்சரின் ஓரத்து மூடியைத் திறந்தேன். பிய்ந்த பழைய இம்பெல்லரின் இறகுகள் அங்கே குழாய் வாய்களை அடைத்துக்கொண்டு கிடந்தன. பாதி வேகத்துக்கு மிச்சக் குழாய்கள் போதுமானதாக இருந்தன. முழு வேகத்தின் சூட்டுக்குப் போதவில்லை.

இம்பெல்லரை மாற்றியவர் கெட்டிக்காரர்தான். பிய்ந்த இறகு எங்கே போயிற்று என்று மட்டும் அவர் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? புது இம்பெல்லர் வைத்தால் அதற்குக் காசு உண்டு. காணாமல் போன ரப்பர் துண்டைத் தேடினால் யார் கொடுப்பார்கள்? நான் கொடுத்த பில்லில் மூடிக்கு ஒரு ரப்பர் வளையமும் என் நேரமும்தான் இருந்தன. "ஒரு சாமானும் மாத்தலையே அண்ணா, அதுக்கா இவ்வளவு?" என்றார் படகுக்காரர். முன்பு பார்த்த மூன்று வேலைகளுக்கும் முகம் சுளிக்காமல் கொடுத்தவர் அவர்.

மருத்துவரிடம் போகிறோம். நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, "ஒன்றுமில்லை, தூங்குங்கள்" என்று சொல்லி அனுப்பினாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். எஞ்சினுக்கு மட்டும் மாத்திரை வாங்கினால்தான் வைத்தியம் பார்த்ததாகக் கணக்கு.

சூடு ஏறுகிறது என்றதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது முள்ளையே. பழைய மீட்டர்களுக்குச் சூட்டைச் சொல்வது எஞ்சினில் திருகியிருக்கும் சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், முள் ஏறும். அந்த ஒற்றை ஒயர் எங்காவது உராய்ந்து தோல் உரிந்து இரும்பில் பட்டாலும் முள் மேலே எகிறும். எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே சாவியைப் போட்டதும் முள் உச்சிக்குப் போனால் ரேடியேட்டரைத் திட்டிப் பயனில்லை. இன்னொன்று: இரவில் ஹெட்லைட் போட்டதும் முள் ஒரு கோடு ஏறி, அணைத்ததும் இறங்கினால் அது எர்த் கோளாறு. துரு சுரண்டி, போல்ட்டை இறுக்கினால் தீரும். படகில் ஈரம் அதிகம் என்பதால் எர்த் கோளாறும் அதிகம்.

இதைவிட மோசமானது முள் பொய்யாக இறங்குவது. தண்ணீர் ஒழுகித் தீர்ந்துபோய், சென்சார் வெறுங்காற்றில் நிற்கும்போது முள் இறங்கிவிடும். "ஹீட் கொறஞ்சிருச்சுங்க" என்று டிரைவர் சந்தோஷமாக மிதிப்பார். எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். சூடாகி ஏறிய முள் காரணமே இல்லாமல் சடாரென்று இறங்கினால் அதைவிடக் கெட்ட சகுனம் இல்லை.

உண்மைச் சூட்டை அளக்க ஒரு இன்ஃப்ராரெட் கன் போதும். கொரோனா காலத்தில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதே ஜாதிதான். ஆனால் அந்த நெற்றிக் கன் காய்ச்சல் அளவோடு நின்றுவிடும், பட்டறைக்கு உதவாது. தொழிற்சாலைக்கென்று விற்பது பல நூறு டிகிரி வரை காட்டும். அதிலும் ஒரு சூது உண்டு. பளபளக்கும் அலுமினியத்தில் நீட்டினால் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியோ கறுப்புப் பெயிண்ட் அடித்தோ அளக்க வேண்டும். தெர்மோஸ்டேட் வால்வின் மூடியில் கன் சொல்வதும் மீட்டர் சொல்வதும் ஒத்துப்போனால் சூடு உண்மை. அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

அடுத்து, எப்போது சூடாகிறது என்று கேட்க வேண்டும். நின்ற இடத்திலா, இழுவையிலா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த டிரைவர் பாதி மெக்கானிக். லாரி நின்றுகொண்டு ஓடும்போது சூடாகி, ரோட்டில் காற்று வாங்கியதும் அடங்கினால் விசிறியைப் பார். சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர்க் கணவாய் ஏறும்போது மட்டும் சூடாகிறது என்றால் ரேடியேட்டருக்குள் அடைப்பா, பம்ப் தேய்ந்திருக்கிறதா என்று தேடு. படகில் பாரம் ஏற்றியதும் சூடாகிறது, புகை கறுப்பாக வருகிறது, முழு ஆக்சிலேட்டர் கொடுத்தும் சுற்று எட்டவில்லை என்றால் தண்ணீர்ப் பாதையை விட்டுவிட்டு அடியில் புரொப்பல்லரைப் பார். ஆகாயத்தாமரையின் வேரோ அறுந்த மீன்வலையோ தண்டில் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் சக்திக்கு மீறி உழைக்கிறது, சூடாகிறது. அங்கே கூலிங்கில் ஒரு குறையும் இருக்காது.

ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளந்து பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பாரத்தில் ஓடும்போது மேலே கொதிக்கக் கொதிக்க வருகிற தண்ணீர் கீழே நன்றாகவே ஆறிப் போகிறது, ஆனாலும் எஞ்சின் சுடுகிறது என்றால், தண்ணீர் மெதுவாக ஓடுகிறது என்று பொருள்; பம்பிலோ பாதையிலோ கோளாறு. மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்று சூட்டை வாங்கவில்லை. இரண்டு அளவுகளில் பாதிச் சந்தேகப் பட்டியல் அடிபட்டுவிடும். ஒரு ரூபாய் செலவில்லை.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கு அடிக்கடி வருவது இரண்டாவது வகை. இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் இங்கிருந்துதான் போகின்றன. கம்ப்ரஸர் எஞ்சின் மணிக்கணக்கில் நின்ற இடத்தில் முழு மூச்சில் ஓடுகிறது. எதிரே சுத்தியல் பிட் பாறையை இடித்துப் புழுதியைக் கிளப்புகிறது. எஞ்சினில் எங்காவது ஆயில் கசிவு இருந்துவிட்டால் போதும், அந்தக் கல்மாவு ரேடியேட்டர் இதழ்களில் அப்பி இறுகிவிடும். கூலரும் ரேடியேட்டரும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால் வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், நடுவில் அடைத்திருக்கும். காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து, இதழ் மடங்காத அளவு அழுத்தத்தில் கழுவ வேண்டும். முன்பக்கம் நின்று பைப்பைப் பிடித்து அடித்தால் புழுதி இன்னும் உள்ளே போகும். கழுவிவிட்டேன், தீரவில்லை, புது ரேடியேட்டர் போடு என்பார்கள்.

இந்தப் பக்கத்து எஞ்சின்களுக்குப் பிறவியிலேயே ஒரு பகை உண்டு. அது தண்ணீர். சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன, மேக்னசைட். சங்ககிரியில் சிமெண்ட் ஆலை வந்ததே சுண்ணாம்புக்கல் இருந்ததால்தான். இந்தப் பாறைகளுக்குள் ஊறி வரும் போர்த் தண்ணீரில் மக்னீசியமும் கால்சியமும் கரைந்திருக்கும். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்காதவர்கள் உண்டா? அந்தத் தண்ணீரைத்தான் குடத்தில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். சிலிண்டரைச் சுற்றி உள்ளே படியும் உப்புத்தோல் இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். வெளியே தண்ணீர் இதமாக இருக்க, உள்ளே இரும்பு சுடும். முள்ளுக்கு இது தெரியவே தெரியாது. அது தண்ணீரின் சூட்டைத்தான் சொல்லும்.

கூலண்ட் என்பதைப் பனிப்பிரதேசத்துச் சரக்கு என்று நினைப்பவர்கள் இங்கே நிறைய. "நம்மூர்ல என்னங்க உறையப் போகுது?" என்பார்கள். உறையாதுதான். ஆனால் கூலண்டின் பாதி வேலை துருவையும் உப்பையும் தடுப்பது. லாரி டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் லைனரின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரில் நிற்கிறது. பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் அதன் மேல் நுண்குமிழிகள் உண்டாகி வெடித்து, வெடித்து, இரும்பில் ஊசிக்குத்துப் போலத் துளை போடும். ஒரு நாள் தண்ணீர் ஆயிலில் இறங்கும். கூலண்டில் கலந்திருக்கும் மருந்து அதைத் தடுக்கிறது. கலக்குவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். போர்த் தண்ணீரில் கலந்தால் வாங்கிய காசு வீண்.

ரேடியேட்டர் மூடியையும் யாரும் மதிப்பதில்லை. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி ஒழுங்காக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. அதன் ரப்பர் தேய்ந்துபோனால் 100-லேயே கொதித்து வழியும். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் மூடியைப் பார்த்தவர் யார்?

தெர்மோஸ்டேட் வால்வைப் பற்றி நான் பேசினால் கோபம் வரும். நம் பட்டறைகளில் சூடு என்று வண்டி வந்தாலே முதலில் அதைக் கழற்றிக் குப்பையில் போடுகிறார்கள். "நம்ம வெயிலுக்கு அது எதுக்குங்க?" அந்த வால்வு 82 டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிடும். நன்றாகத் திறந்த பிறகு பல எஞ்சின்களில் அதே வால்வுதான் அந்தக் குறுக்குப் பாதையை மூடவும் செய்கிறது. கழற்றிவிட்டால் குறுக்குப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள் ஓடும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது பாரத்தில் சூட்டைக் கூட்டும். மற்ற நேரத்தில் எஞ்சின் தேவையான சூடு ஏறாமல் ஓடி டீசல் குடிக்கும், லைனர் தேயும். வால்வு கெட்டிருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, வால்வையும் தெர்மாமீட்டரையும் போட்டு அடுப்பில் வையுங்கள். திறக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். டீ குடிக்கிற நேரம். அந்த நேரத்துக்குத்தான் யாரும் கூலி தருவதில்லை.

வண்டி முதலாளிகளைக் குறை சொல்லி மட்டும் தப்ப முடியாது. லோடு ஏற்றிய வண்டி பட்டறையில் நிற்கிறது, சரக்குக்காரர் போனில் கத்துகிறார். "எதையாவது மாத்தி அனுப்புங்க" என்று முதலாளி சொல்வதில் அவருக்கும் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் அழுக்கு உண்டு. பல ஸ்பேர் கடைகளில் வாங்கும் பாகத்துக்கு மெக்கானிக்குக் கமிஷன் கிடைக்கும்; ஊரறிந்த ரகசியம். தேடுவதற்குக் கூலி இல்லை, மாற்றுவதற்குக் கூலியும் கமிஷனும் என்றால் பட்டறையில் படித்து வளரும் பையன் எதைக் கற்றுக்கொள்வான்?

"பார்த்ததற்கு" என்று காசு வாங்க ஆரம்பித்தால் பார்க்காமலே வாங்குவார்களே என்று ஒரு பயம் இருக்கிறது. நியாயமான பயம். அதற்கு வழி, அளந்ததை எழுதிக் கேட்பது. ஐடிலில் எத்தனை டிகிரி, பாரத்தில் எத்தனை, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், மீட்டர் சொன்னது, கன் சொன்னது, மூடி எப்படி இருந்தது, ரேடியேட்டரில் குமிழி வந்ததா. எழுதிக் கையெழுத்துப் போட்டு வண்டிக்காரரிடம் கொடுக்கட்டும். அந்தத் தாள் வண்டியோடு விஜயவாடா போனாலும் அங்குள்ள மெக்கானிக் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. தாள் கொடுக்காதவருக்குப் பார்த்த கூலி கொடுக்காதீர்கள்.

படகுகளுக்கு இது முதலாளியின் விருப்பமாக இருக்கக் கூடாது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், எஞ்சின் பொருத்திய படகுகளுக்குச் சோதனையும் பதிவும் வேண்டும் என்கிறது. பரிசோதனை என்றால் உயிர்காப்பு உடையை எண்ணிவிட்டுப் போவது என்று நம் ஊரில் ஆகிவிடக் கூடாது. வழக்கமான ஆள் எண்ணிக்கைக்குச் சமமான பாரத்தை ஏற்றி, அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டி, சூட்டை எழுத வேண்டும். அலாரம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை: பெரும்பாலான படகுகளில் சூட்டு சுவிட்சின் ஒயரைக் கழற்றி இரும்பில் தொட்டால் பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தாத படகை ஆற்றில் விடக் கூடாது. தொல்லை என்று ஒயரைப் பிடுங்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

மேட்டூர் உபரிநீர் வந்து போன பிறகு படகை மறுபடி இறக்கும் நாளில் இந்தச் சோதனை கட்டாயம் நடக்க வேண்டும். வெள்ளம் வண்டலையும் குப்பையையும் ஆகாயத்தாமரையையும் கொண்டுவந்து சேர்த்திருக்கும். வலைவடியும் புரொப்பல்லரும் அடைபடுவது அப்போதுதான். வருவாய்த் துறையோ ஊராட்சியோ, அனுமதி கொடுப்பவர் யாராக இருந்தாலும் எஞ்சினின் சூட்டுத் தாளைக் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும்.

பூலாம்பட்டியில் படகு ஏறப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் எங்கே போகிறது, சூடானால் அலாரம் எங்கே அடிக்கும் என்று ஓட்டுபவரிடம் கேளுங்கள். காட்டத் தெரிந்தவரின் படகில் ஏறுங்கள். தெரியாதவரானால் அடுத்த படகுக்கு நில்லுங்கள்.